துப்பாக்கி தின்ற மயிலைக்காளை

துப்பாக்கியை விழுங்கிய காளையின் தொண்டைக்குள் தோள்வரை கைவிட்டு, அதை வெளியே இழுத்து, அந்தத் துப்பாக்கியைக் கொண்டே இன்னொரு காளையையும் சம்பாதித்துக் கொடுத்த மனிதன் இந்தத் தொண்டை மண்டலத்தில் ஒருவன்தான். அவன் நான். துப்பாக்கியும் சாதாரணத் துப்பாக்கி அல்ல. வேறு கிரகத்துத் துப்பாக்கி.

உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டுப் பஞ்சாட்சரத்தைப் பார்க்கிறார்கள். பஞ்சாட்சரம் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். முத்திரை குத்தாத எதையும் நம்பமாட்டான். நான் கால்நடை ஆஸ்பத்திரியில் ஆய்வாளராக இருந்தவன். என்னிடம் ஊசி போட்டுக்கொண்ட மாடுகள் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்து வழிவிடும். பஞ்சாட்சரம் இதையும் நம்பமாட்டான்.

நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துப் பெருமழையில். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போனது. ஊரே உழவுக்கு இறங்கியபோது தாமோதரன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மதகை ஒட்டிய அவன் நிலத்துச் சேற்றில் டிராக்டர் இறங்கினால் அடுத்த கோடையில்தான் ஏறும். அங்கே மாட்டு ஏர்தான் ஓடும். அவனுடைய ஜோடியில் ஒன்று மழைக்கு முன்னால் செத்துப்போனது. மிச்சம் நின்றது ஒற்றை மயிலைக்காளை. அதற்கு ஜோடி வாங்க வழியில்லை. சந்தை கூடுவதற்குள் ஏதும் அமையாவிட்டால், மயிலையையும் விற்றுவிட்டு நிலத்தைத் தரிசு போடுவதாக இருந்தான்.

அவன் பெண்டாட்டி ஆதிலட்சுமிக்கு, மாடு செத்தது கண்பட்டுத்தான் என்பதில் சந்தேகமே இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் தம்பி, அங்கே யாரோ வீடு காலி செய்தபோது கொடுத்ததாக ஒரு முழ உயரப் பொம்மையைக் கொண்டுவந்து போட்டிருந்தான். முறைத்த முகம், நெற்றியில் மூன்றாவது கண். திருஷ்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? விளக்கெண்ணெய் மையில் ஒரு மீசையும் எழுதி, எலுமிச்சம்பழம் மிளகாயோடு சேர்த்துக் கொட்டகை வாசலில் தலைகீழாகக் கட்டிவிட்டாள்.

கல்வெட்டுக் கோயில் பார்க்க மெட்ராசிலிருந்து வந்த பிரகாஷ் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், ஏரிக்கரையில் இளநீர் குடிக்க இறங்கியவர், எதிரே கொட்டகை வாசலில் தொங்கிய பொம்மையைப் பார்த்துவிட்டார். இளநீர் கையிலிருந்து நழுவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியும் வெள்ளைக் கையுறையுமாகத் திரும்பி வந்தார். இந்த மாதிரி பொம்மைகளைச் சேர்ப்பவராம் அவர். தாமோதரன் என்னைக் கூப்பிட்டனுப்பினான்.

"மாட்டுக்கு வெல சொல்றவரு நீங்க. இத்தையும் பாத்து சொல்லுங்க டாக்டரே."

பஞ்சாட்சரமும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"திருவிழாக் கடையில கூடைல கொட்டி விக்கறான் இந்த மாதிரி. இதுக்குப் போயி கையில உறை போட்டுக்கினு வந்துகீறாரு பாரு."

"இது வேற, சார். இவர் ஒரு கிரகத்தோட படைத்தளபதி" என்றார் பிரகாஷ்.

"எந்தக் கிரகமா இருந்தாலும் பிளாஸ்டிக்கு பிளாஸ்டிக்குதான? எங்க தாமோதரனுக்கு ஒரு மாடு வேணும். இத்த வித்தா மாடு வருமா?" என்றான் பஞ்சாட்சரம்.

பிரகாஷ் தளபதியை இறக்கி, சீயக்காய்த் தண்ணீரில் மீசையைத் துடைத்தார். மை போன இடத்தில் வண்ணம் புத்தம்புதிதாக இருந்தது. நானும் என் பங்குக்குச் சோதிக்க ஆரம்பித்தேன். காளையைப் பார்க்கிற முறைதான். முதலில் கால். முட்டியை மடக்கினால் மடங்கியது, விட்ட இடத்தில் நின்றது. கழுத்து தளராமல் திரும்பியது. விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூட்டு. பூட்சின் ஓரத்தில் சேறு தெறித்ததைக்கூட எழுதியிருந்தான் அதைச் செய்த மகராசன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: மூன்றாவது கண்ணுக்கு இமைமுடி. ஊசிமுனையில் முடியைக் கட்டி எழுதினாலும் அப்படி வராது. உதட்டைப் பிரித்த இடத்தில் பல்வரிசை, ஒரு பல் லேசாக உடைந்தது போல. பழைய சண்டைக்காரனாம். உள்ளங்காலில் பிறந்த வருஷமும் ஊரும் அச்சிட்டிருந்தது. மாட்டுக்கும் இப்படிப் போட்டு அனுப்பியிருந்தால் என் சர்வீசில் பாதிப் பொய்யைக் கேட்காமல் இருந்திருப்பேன்.

"திமில் ஒண்ணுதான் இல்ல. மத்தபடி சுழி சுத்தம்" என்று தீர்ப்புச் சொல்லி, தோள் துண்டை விரித்துக் கையின்மேல் போட்டு நீட்டினேன். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது சந்தை வழக்கம். பிரகாஷ் உள்ளே கைவிட்டுக் குலுக்கி, "கிளாட் டு மீட் யூ, சார்" என்றார்.

பஞ்சாட்சரம் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையிலிருந்து மூன்று வருஷத்து ஒட்டடை விழுந்தது.

"ஒரு குறை இருக்கு" என்றார் பிரகாஷ். "இவர் வலது கையில துப்பாக்கி இருந்திருக்கணும். அது இல்லன்னா மதிப்பு பாதிகூடத் தேறாது. இருந்துதுன்னா நல்ல விலை தரேன், ஒரு மாட்டுக்கு மேலேயே."

தாமோதரனின் முகம் விழுந்தது. ஆதிலட்சுமி யோசித்தாள்.

"விரல் நீளத்துல கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, அதுவா? கோழிக்கூண்டுக்குத் தாப்பாளா சொருகி வச்சிக்கீறேன்."

போய் உருவிக்கொண்டு வந்தாள். கோழிகளெல்லாம் வெளியே வந்தன. அவற்றை அன்றைக்கு யாரும் துரத்தவில்லை.

பிரகாஷ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனாலும் சந்தேகம். "போலி நிறைய வருது சார். இதுல அசல் தண்ணியில மிதக்கும், போலி முழுகும்."

கொட்டகையில் தண்ணீர் என்றால் கழுநீர்த் தொட்டிதான். அதில் போட்டார். முழுகவில்லை. ஏரிக்கோடியில் கிடக்கும் தாமரை இலை மாதிரி ஒய்யாரமாக மிதந்தது. பிரகாஷ் கண்ணில் நீர் வந்தது. "அசல்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் கட்டியிருந்த மயிலை தலையை நீட்டி ஒரே உறிஞ்சு. கழுநீரோடு துப்பாக்கியும் போனது.

தாமோதரன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கி போனால் வரவேண்டிய மாடு போச்சு. வயிற்றில் சிக்கினால் இருக்கிற மாடும் போச்சு.

"பஞ்சாட்சரம், மூக்கணாங்கயித்தப் புடி."

"நானா? எனக்கு இன்னாய்யா தெரியும்? தபால் ஆபீசுல மாடா இருந்துச்சு?"

"புடிய்யா."

கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். நான் மயிலையின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தேன். நாக்கைப் பிடித்துவிட்டால் மாடு கடிக்காது, கடித்தால் தன் நாக்குத்தான். மற்றக் கையை உள்ளே விட்டேன். முழங்கை போனது. தோள் போனது. காலையில் தின்ற வைக்கோல், நேற்றுத் தின்ற தவிடு, போன பொங்கலுக்குத் தின்ற கரும்பு எல்லாவற்றையும் தடவிக் கடந்து போனேன். கடைசியில் ஒரு மூலையில் விரலில் தட்டுப்பட்டது. இழுத்தேன். எச்சில் சொட்டச் சொட்ட வெளியே வந்தது அந்த வேற்றுக்கிரகத்துத் துப்பாக்கி.

பிரகாஷ் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். கடைவாய்ப் பல் நெரித்தும் ஒரு கீறல் இல்லை, ஒரு விளிம்பு நசுங்கவில்லை. "எப்படி வார்த்திருக்கான் பாருங்க" என்று என்னிடமே காட்டினார். நான் தொப்பி போட்டிருந்தால் கழற்றியிருப்பேன். தளபதியின் கையில் அதைச் சொருகினோம். நிமிர்ந்து நின்றார் பாருங்கள், மயிலையே ஒரு எட்டு பின்னால் போனது.

விலை படிந்தது. பிரகாஷ் பையைத் திறந்தார். ஆதிலட்சுமி கையை நீட்டவில்லை.

"திருஷ்டிப் பொம்மைக்குக் காசு வாங்கமாட்டேன். ஊருக் கண்ணையெல்லாம் வாங்கிக்கினு நின்னிருக்குது அது. அதுக்குக் காசு வாங்கனா கண்ண நானே வெல குடுத்து வூட்டுக்குள்ள கூப்டுக்கினா மாதிரி."

"அடியே, மாடு?" என்றான் தாமோதரன், அழாத குறையாக.

எனக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. "காசு வேணாம்மா. பொம்ம கட்டியிருந்த வாசல்ல அவரே ஒரு காளையக் கொண்டாந்து கட்டட்டும். காவலுக்குக் காவல் மாத்திக்கறோம். கண்ணு எங்கேருந்து வரும்?"

ஆதிலட்சுமி தலையை ஆட்டினாள். "அது சரிப்படும் அண்ணே" என்றாள்.

அந்த வாரச் சந்தையில் மயிலையின் உயரத்துக்கும் நடைக்கும் ஈடாக ஒரு செவலைக்காளையைப் பொறுக்கினேன். பிரகாஷ் வாங்கினார். ஆனால் கயிற்றைத் தொடவே பயந்தார். நான் வழிகாட்ட முன்னால் நடந்தேன். அதனால் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தது வழிநெடுக முணுமுணுத்த பஞ்சாட்சரம். கொட்டகை வாசலில் அது கட்டப்பட்ட பிறகுதான் ஆதிலட்சுமி தளபதியைக் கொடுத்தாள். அதுவும் பிரகாஷுக்கு ஒரு கற்பூரம் சுற்றிப் போட்டுவிட்டு. புகை பட்டுவிடுமென்று தளபதியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார் மனிதர். மறுநாள் மதகடியில் ஏர் இறங்கியது.

போன வாரம்கூட டீக்கடையில் இதைச் சொன்னேன். வழக்கம்போலச் சிரித்தார்கள், பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தோள் வரிக்கும்னு சொல்றான் பாரு, அது பொய். மணிக்கட்டு வரிக்கும்தான் போச்சு. துப்பாக்கி கன்னத்து உள்பக்கம் கொடுப்புலதான் ஒதுங்கிக்கினு கெடந்துச்சு."

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயை ஊதிக் குடித்தேன்.

"மத்ததெல்லாம் நடந்துதுதான்" என்றான் பஞ்சாட்சரம். "செவலையக் கயித்தப் புடிச்சி ஓட்டிக்கினு வந்தவனே நான்தான? வர்ற வழியில என் துண்டுல பாதியத் தின்னுடுச்சு, அத்த மட்டும் இவன் எங்கயும் சொல்றதில்ல."