சாக்கில் கட்டிய மூடுபனி

குருந்தோடை எஸ்டேட்டை மூடிய மறு வாரம் சின்னம்மை மூடுபனியைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். தேயிலை விலை படுத்துக் கிடந்த இரண்டாயிரமாவது வருஷம், தை மாசம் அது. குன்னூரிலிருந்து பர்லியார் இறங்குகிற மலை ரோட்டை ஒட்டிய எஸ்டேட். முதலாளி கல்கத்தாவில் இருக்கிறானா துபாயில் இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது. பூட்டுகிற அன்றைக்கு ஏஜென்ட் ஒருத்தன் மட்டும் ஜீப்பில் வந்தான். இனி ஒரு இலையைத் தொட்டாலும் திருட்டுக் கேஸ், சித்திரை முடிவதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் காலி பண்ண வேண்டும் என்று சொன்னான். கொடுத்த தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் போனான்.

விடிந்தால் சின்னம்மைக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வாரம் பாத்திரம் தேய்த்துப் பார்த்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையும் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடி வரிசையில் தன்னுடைய பழைய நிரையில் போய் நின்றாள். இலையைத் தொட்டால்தானே கேஸ்? இலைமேல் உட்கார்ந்திருந்த பனியைத் தொட்டாள். இரண்டு விரலில் பிடித்து, நகம் படாமல் ஒடித்து, தோளுக்கு மேலே பின்னால் வீசினாள். வெயில் ஏறுவதற்குள் கூடை நிறைந்து கழுத்து கடுத்தது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்னாடி எடுக்குற?" என்று கேட்டாள். "பனி" என்றாள் சின்னம்மை. "முத்தல சேத்துராத" என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மாள் தன் கூடையை எடுக்கப் போனாள். அடுத்த நாள் லயத்துப் பெண்கள் எல்லாரும் நிரை பிடித்து நின்றார்கள். விடியற்காலைப் பனி இளசு, வாகாக ஒடியும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து ஏறி வருவது நார், அதைக் கிள்ளினால் விரல் வெடிக்கும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

சின்னம்மையின் புருஷன் காத்தமுத்து இதை நம்பவில்லை. அவர் எதையுமே நம்பாதவர். சிலோன் தோட்டத்திலிருந்து இவர்களைக் கப்பலேற்றும்போது, இந்தியாவில் ஆளுக்கு ஒரு காணி தருவார்கள் என்று ஒரு கிளார்க்கு சொன்னான். இறங்கினால் மண்டபம் முகாமில் கல் கிடக்கிற கஞ்சி, அதற்கப்புறம் வேறொரு துரை, வேறொரு லயம். அன்றைக்கு மூடிய வாய்தான். டாக்டரை நம்பமாட்டார். ரேடியோவில் மழை வரும் என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளில் அவர் பேசுவதைத் தீப்பெட்டிக்குள் அடைக்கலாம். பாக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிறதும் கீழே அடுப்பு எரிக்கிறதும் அவர் வேலை. வேலை போன பிறகும் பாக்டரிச் சாவி அவர் இடுப்பில்தான் கிடந்தது. ஏஜென்ட் கேட்க மறந்துவிட்டான், கேட்காதவனுக்குக் கொடுக்க இவருக்கும் மனசில்லை. பெஞ்சாதி கூடை நிறையப் பனியோடு வந்து நின்றபோது உள்ளே கையை விட்டுப் பார்த்தார். குளிர்ந்தது. "இத எவன் வாங்குவான்?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்விதான். மகள் வனிதா திருப்பூரில் துணி தைக்கிற கம்பெனியில் இருந்தாள். ரோட்டோரத்து டீக்கடைக்குப் போன் பண்ணி, "வந்துருங்கம்மா, ஒரு ரூம்புல நாலு பேரு படுத்துக்கலாம்" என்றாள். காத்தமுத்து போகத் தயார்தான், ஆனால் சின்னம்மை அசையவில்லை. "சிலோன்ல கம்பளையில இருந்து ஒருக்கா பொட்டி கட்டுனேன். மண்டபத்துல இருந்து ஒருக்கா கட்டுனேன். இனி என்னால ஏலாது. நீங்க போறதுன்னா போங்க" என்றாள். அவர் போகவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு நாள் மேட்டுப்பாளையம் காய்கறி வியாபாரி ஆறுக்குட்டி, மேலே எமரால்டு ஊரில் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் சூடேறிப் புகைந்ததால் லாரியை லயத்துக்கு நேரே ஓரம் கட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி கேட்டு வந்தார். குழாயை ஏஜென்ட் அடைத்துவிட்டிருந்ததால் சின்னம்மை ஒரு கூடைப் பனியைக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் கொட்டினாள். சுர்ரென்று அடங்கிவிட்டது. கூடையில் மிச்சம் கிடந்ததைக் கேரட் மூட்டைமேல் உதறிவிட்டாள். நாலாம் நாள் ஆறுக்குட்டி திரும்ப வந்து, லாரியை அணைக்காமலே குதித்து இறங்கினார். "ஏனுங்க அம்மணி, அந்தக் கேரட்டு இன்னும் ஒடிச்சாப் படக்குங்குதுங்க. இதைய நீங்க எடைக்குத் தருவீங்களா, சாக்குக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரும் எதையும் விசாரிக்கவில்லை. வியாபாரி.

முதலில் காய்கறிமேல் மூடத்தான் வாங்கினார். பங்குனியில் கீழே வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் வீடுகளில் கேட்டார்கள். நனைத்த சாக்கில் அமுக்கிக் கட்டி இறக்குவார்கள். மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாக்கின் வாயை அவிழ்த்தால் முட்டளவுக்குப் பனி நிற்கும், குடும்பமே போர்த்திக்கொண்டு தூங்கும். காரமடையில் ஒரு வீட்டில் சுவரெல்லாம் பாசி ஏறிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள், சிறுமுகையில் ஒரு நாய் பனிக்குள் போய் இரண்டு நாள் கழித்து வந்தது. மற்றபடி புகார் இல்லை. லயத்தில் அரிசி வேகிற வாசனை திரும்ப வந்தது.

ஆனால் காலி பண்ணச் சொன்ன கெடு அப்படியேதான் இருந்தது. சித்திரை பிறந்ததும் ஆறுக்குட்டி ஒரு சேதியோடு வந்தார். அன்னூரில் பெரிய இடத்துக் கல்யாணம், கத்திரி வெயில் தொடங்குகிற நாள், மண்டபம் முழுக்கப் பனி நிற்க வேண்டுமாம். "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னா, பாக்டரியவும் லயத்தவும் நானே அந்த ஏஜென்டுகிட்டப் பேசி லீசுக்கு எடுத்துக்கறனுங்க. சொதப்பிருச்சுன்னா எம்பட மானம் போயிருங்க. அப்புறம் நான் கேரட்டோட நின்னுக்கறனுங்க" என்றார். சின்னம்மை சரியென்று தலையாட்டினாள். காத்தமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். அந்தக் கிளார்க்கும் இப்படித்தான் சிரித்த முகமாக இருந்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சித்திரையில் பனி கம்மி. பெண்கள் ஓடைப் பள்ளங்களில் இறங்கி, பாறைச் சந்துகளில் ஒதுங்கி நின்றதைத் தேடித் தேடி எடுத்தார்கள். எடுத்ததைச் சாக்கில் கட்டி ஓடையோரத்துக் குகையில் வைத்தார்கள். லாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் அத்தனையையும் தூக்கி வந்து பாக்டரி மாடியில் அடுக்கிவிட்டு, சோறாக்கப் போனார்கள். காவலுக்குக் காத்தமுத்து.

அடுக்கிக் கிடந்த சாக்குகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு பொறுக்கவில்லை. கொழுந்தைச் சாக்கில் இறுக்கிக் கட்டி ஒன்றுமேல் ஒன்று போட்டால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். பாக்டரியில் வேலை பார்த்த எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். இந்தப் பொம்பிளைகளுக்குப் பறிக்கத் தெரியும், வைக்கத் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. கல்யாண வேலை நல்லபடியாக முடியாவிட்டால் சின்னம்மை மூன்றாம் தடவை பெட்டி கட்ட வேண்டும் என்பதும் தோன்றியது. சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கொழுந்து வாட்டுகிற தட்டுகளில் பனியைக் கட்டி தட்டாமல், சீராக, கையளவு கனத்துக்குப் பரப்பினார். காற்றாடி ஓடக் கரண்ட் இல்லாததால் கீழே போய் அடுப்பை மூட்டினார். சூடு வெளியே போகாமல் ஜன்னல்களைச் சாத்தினார். பிறகு தட்டுத் தட்டாகக் குனிந்து புரட்டிக் கொடுத்தார். யாரும் கேட்காமல் பெஞ்சாதிக்காக அவர் செய்த முதல் வேலை அது. கொஞ்ச நேரத்தில் நன்றாக வாடி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தட்டு மட்டும் இருந்தது.

சோறு தின்றுவிட்டு வந்த கருப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். சின்னம்மை நேரே ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மேட்டுப்பாளையம் வரைக்கும் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது, ஒரு பிசிறு கூட இல்லை. இறங்கி லயத்துக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். காத்தமுத்து பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். எப்படியும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். "நான்தான் புள்ள..." என்று தொடங்கினார். வார்த்தையோடு சேர்ந்து வாயிலிருந்து ஒரு கைப்பிடிப் பனி வந்து நிலைப்படியில் விழுந்தது.

மூடிய மாடியில் அவ்வளவையும் அவர்தானே மூச்சாக இழுத்திருந்தார், வேறெங்கே போகும்? கருப்பம்மாள் முதலில் முந்தானையை விரித்தாள், பிறகு சாக்கைப் பிடித்தாள். "இன்னும் சொல்லுங்கண்ணே." "என்னத்தச் சொல்ல?" என்றார். இன்னொரு கைப்பிடி. அத்தோடு வாயை மூடிக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்ததையும் அவர் நம்பவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள். மரியாதையாகப் பேசினால் நூல் மாதிரி வந்தது, சாமி பேரைச் சொன்னால் அதுவும் வரவில்லை. கடைசியில் கருப்பம்மாள்தான் சமயம் பார்த்து, "என்ன இருந்தாலும் அந்த ஏஜென்டு நல்ல மனுசன், இல்லியாண்ணே?" என்றாள்.

"நல்ல மனுசனா? தூத்தேறி! அந்த எடுபட்ட பய..." என்று ஆரம்பித்தார். இரண்டு சாக்கு நிறைந்தது. ஏஜென்டிலிருந்து முதலாளிக்குப் போனார், முதலாளியிலிருந்து தேத்தூளை ஏலம் போடுகிறவர்களுக்கு, அங்கிருந்து விலையைப் பிடித்துத் திட்டினார். விலையைச் சொன்னபோது வந்ததுதான் கெட்டி, கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலிருந்தது. அந்தக் கிளார்க்கு, மண்டபத்துக் கஞ்சி, குன்னூரில் மாத்திரை மாற்றிக் கொடுத்த டாக்டர், ஆறுக்குட்டியின் சிரித்த மூஞ்சி, எதையும் விடவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டே இருந்தார்கள். தொண்டை காய்ந்தால் ஒருத்தி தேத்தண்ணி கொடுத்தாள், இன்னொருத்தி "அட விடுங்கண்ணே, அவங்களும் என்ன செய்வாங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் அவரிடம் திட்டு தீர்ந்துவிட்டது. ஒரு சாக்கு மட்டும் பாக்கி.

சின்னம்மை அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஊரெல்லாம் பேசிட்டீங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்லயா?" என்றாள்.

அவர் சாக்கின் வாயைத் தானே விரித்துப் பிடித்தார். பிறகு, கப்பலில் அவள் தூங்கினபோது தான் மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னார். திரும்பிப் போய்விடலாம் என்று அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாததைச் சொன்னார். இப்பவும் திருப்பூருக்குத் தயாராக நின்றாலும் போகப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். மெதுவாகத்தான் பேசினார். அது மற்ற எல்லாவற்றையும்விட வெளுப்பாக வந்தது. மூன்று பேர் சேர்ந்து அழுத்தித்தான் அந்தச் சாக்கைக் கட்ட முடிந்தது.

அன்னூரில் கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பனி இடுப்பளவுக்கு நின்றது, மாப்பிள்ளை வீட்டார் சால்வை வாங்க ஆள் அனுப்பினார்கள். பந்தி ஓரத்துப் பனிக்குள்ளிருந்து யாரோ அடித்தொண்டையில் விடாமல் முணுமுணுக்கிற மாதிரி கேட்டது. சாம்பாரைத்தான் குறை சொல்கிறார்கள் என்று சமையல்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மணவறைப் பக்கம் அவிழ்த்த அந்தக் கடைசிச் சாக்கில் சத்தம் இல்லை, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுக்குட்டி சொன்னபடி லீசு எடுத்தார். சின்னம்மை தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அதிலிருந்து ஐப்பசி முதல் மாசி வரைக்கும் குருந்தோடையில் பெண்கள் பனி எடுக்கிறார்கள். பனி இல்லாத மாசங்களில் காத்தமுத்துவிடம் வருகிறார்கள். ஆறுக்குட்டிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சில வருஷம் கழித்துத் தேயிலை விலை கொஞ்சம் ஏறியபோது, இனி இந்த மனுசனுக்குக் கோபம் எங்கேயிருந்து வரும் என்று பயந்து, தானே லாரியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க பெரியவரே, விலை ஏறிருச்சாமுங்களே?" என்று பட்டும் படாமலும் கேட்டார்.

காத்தமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏறுனத நீ நம்புறியா?" என்றார். கருப்பம்மாள் சாக்கைப் பிடித்தாள். அந்த ஒரு கேள்விக்கே அது நிறைந்தது.