கேக் மேல் ஆறு பேர்

மின்விசிறியைப் போட்டால் கேக் மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் மாவு காய்ந்து வெடித்துவிடும். ஜன்னலைத் திறந்தால் தூசி. அதனால் இரண்டும் இல்லாமல், அடுக்களை மேடையின் மேல் குனிந்து, கேக்கின் அடியைச் சுற்றி ஒட்டும் நாடாவுக்கு வெள்ளைச் சர்க்கரை மாவைச் சப்பாத்திக் கட்டையால் மெல்லிதாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கேக்கம்மா. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. நெற்றியைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் போதும், அந்த இடம் கரைந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

மேடையின் நடுவில் கேக் தயாராக நின்றது. புருஷன் மூட்டை தூக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிதான் அது. கூரை, புகைபோக்கி, இரும்பு கேட்டு, சாம்பல் நிறத்தில் முன்வாசல் தரை. அந்த வாசலில் நீலச் சட்டை போட்டு, தோளில் பெட்டியோடு, லோடிங் ஆட்கள் ஆறு பேர். கம்பெனிக்கு ஆண்டு விழா. ஆர்டர் அவளுக்கு வந்திருந்தது.

அந்த ஆர்டர் வந்ததிலிருந்து புருஷன் முகத்தில் தெளிவு வந்திருந்தது. பாரம் தூக்க வண்டி வாங்கப் போகிறார்கள், லோடிங் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ராத்திரித் தூக்கமே போயிருந்தது. இந்த வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"நம்மள அனுப்புறதா இருந்தா நம்ம வீட்டுலயே கேக் சொல்லுவாங்களா? அதுலயும் எங்க ஆளுங்கள வெக்கச் சொல்லியிருக்காங்க. நீயே யோசிச்சுப் பாரு" என்றார். அவளும் யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் பட்டது.

பொம்மை பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டாளிகளின் பட்டப்பெயரைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொன்னார். "ஒட்டகத்துக்குக் கழுத்து பத்தாது, இன்னும் இழு. குண்டனுக்குத் தொப்பை போடு, விட்டா கோவிச்சுக்குவான்." கடைசிப் பொம்மை அவரேதான்; அதன் உச்சந்தலையில் அவள் கறுப்பு வைக்காமல் விட்டபோது மட்டும் முறைத்தார். "இதுல மட்டும் உனக்கு நல்லாக் கை வருது."

எப்போதும் பொம்மைகளைக் கேக் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் ஒட்டுவாள். முன்னாலேயே ஒட்டினால் அடியோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இந்த முறை அவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்முன் ஒரு தடவை நிற்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். பார்க்கட்டுமே என்று தண்ணீர் தொட்டு ஒட்டிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

மதியம் போன் அடித்தது. கம்பெனி ஆபீஸ் மேடம்.

"நீங்க அனுப்புன கேக் படம் பாத்தோம்மா. ரொம்ப நல்லாருக்கு. ஒரே ஒரு மாத்தம். முன்னாடி நிக்கிற ஆளுங்கள மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் மேடம், சரியா வரலியா?"

"அதெல்லாம் இல்ல, மொதலாளி மாத்திட்டாரு. அதுக்குப் பதிலா ஒரு மஞ்சள் வண்டி வேணும். போட்டோ அனுப்புறேன். விழாவுல மொதலாளி அதைத்தான் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறாரு. லோடிங் செக்ஷனே இனிமே கெடையாதே." சட்டென்று குரல் தணிந்தது. "உங்க வீட்டுக்காரரு லோடிங் இல்ல? சொல்லியிருக்கக் கூடாது நான். விழா முடியிற வரைக்கும் வெளிய விட்டுடாதீங்கம்மா, என் வேலையும் போயிடும்."

"சரிங்க மேடம்" என்றாள். அழுகை வந்தபோது கேக்கை விட்டு நகர்ந்து, குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் கேக் போயாக வேண்டும்.

கத்தி நுனியைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக நெம்பினாள். ஒட்டகம் வந்தது, தரையையும் பிய்த்துக்கொண்டு. குண்டனும் அப்படியே. ஆறு பேரையும் எடுத்துத் தட்டில் படுக்க வைத்தபோது கேட்டுக்கு முன்னால் ஆறு இடத்தில் சாம்பல் தோல் கிழிந்து கேக் தெரிந்தது.

புருஷன் வந்து கைகால் கழுவிவிட்டு நேராக அடுக்களைக்குத்தான் வந்தார்.

"எங்க ஆளுங்க எங்க?"

"கனம் தாங்கல. தரை உள்வாங்குது."

அவர் தட்டிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். "இதுவா கனம்? தூக்குறவன்கிட்டயே கனம் சொல்றியா?" என்று சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். படத்தில் மஞ்சள் வண்டி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதையா வெக்கச் சொல்றாங்க?"

"ஆமாங்க."

"எங்கள எடுத்துட்டு?"

அவள் தலையாட்டினாள்.

"மூணு நாள் முன்னாடி லாரில வந்துச்சு" என்றார். "சும்மா சோதனைக்குன்னு சொன்னாங்க. நாங்கதான் தோள் குடுத்து எறக்குனோம். ஒட்டகத்துக்கு விரல் கூட நசுங்கிடுச்சு."

அவர் கத்தியிருந்தால், எதையாவது தூக்கிப் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மாவக் குடு. நான் பெசையறேன். உனக்கு மணிக்கட்டு போயிருக்கும்."

மற்ற நாளில் அவரை மாவைத் தொடவே விடமாட்டாள். காய்ப்புக் காய்த்த கை, தொட்ட இடமெல்லாம் வரி விழும். இன்று மஞ்சள் சாயத்தை ஊற்றிக் கொடுத்தாள். அவர் நிறம் திட்டில்லாமல் சேரும்வரை அழுத்திப் பிசைந்தார். அவள் படத்தைப் பார்த்து வண்டியைப் பிடித்தாள். முன்னால் தூக்கும் இரும்புக் கையை அவள் மூன்றாக வைத்தபோது அவர் தடுத்தார்.

"ரெண்டுதான். படத்துல நெழல் அது. பின்சக்கரம் சின்னது, முன்னாடிதான் பெருசு. அதுக்குத்தான் பாரம் முன்னாடி எறங்குது."

சக்கரங்களை அவரே உருட்டினார். நாலும் நன்றாக வந்தன.

வண்டி தயாரானதும் இருவரும் கேக்கைப் பார்த்தார்கள். கேட்டுக்கு முன்னால் கிழிசல்கள் அப்படியே இருந்தன. சாம்பல் மாவு துளிகூட மிச்சமில்லை, இருந்த வெள்ளை மாவும் வண்டிக்கே தீர்ந்துவிட்டது. தரை முழுவதையும் புதிதாகப் போட நேரமும் இல்லை. கம்பெனி ஆட்டோ கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

"இத எப்படிங்க மறைக்கிறது?" என்றாள்.

அவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். கம்பெனி வாசலில் சரக்கு இறங்கும்போது எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று பார்க்கிறவர் அப்படித்தான் பார்ப்பார்.

"மறைக்க வேற எதையும் தேடாத. அது மேலயே வண்டிய நிறுத்திடு."

அவள் அடியில் தண்ணீர் தடவி, இரண்டு கையாலும் வண்டியைத் தூக்கி வைத்தாள். ஐந்து கிழிசல்கள் மறைந்தன. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளு" என்றார் அவர். "ஆ, இப்ப சரியா இருக்கு. நல்லா அழுத்தி விடு."