செத்த மீற்றர்

"கழட்டி எறிஞ்சுபோட்டு மூடி போடு எண்டு சொன்னனான். ஏன்ரா இன்னும் உந்த மீற்றரை விட்டு வைச்சிருக்கிறாய்?" விமானி செபநாயகம் சத்தம் போட்டார்.

பலாலியில் அந்தச் சின்ன விமானத்தைத் திருத்துகிறவன் பஞ்சலிங்கம். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் மீற்றர் செத்துக் கிடந்தது. பகல் வெளிச்சத்தில் பறக்க அது கட்டாயமில்லை. கழற்றலாம், இல்லாவிட்டால் 'வேலை செய்யாது' என்று எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுப் பறக்கலாம். அதுதான் விதி. கழற்ற அரைநாள் மினக்கெட வேண்டும். ஒட்டத் துண்டுக் கடதாசி போதும். பிறகென்ன, ஒட்டியாயிற்று.

"விதியிலை இருக்கு அண்ணை."

"சோம்பேறிக்கு விதி நல்லாத் தெரியும்." செபநாயகம் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

எஞ்சின் திருத்தியபின் முதல் பறப்பு. பஞ்சலிங்கம் பூசை செய்யாமல் விடுவானா? பெற்றோலுக்குப் பயந்து கற்பூரம் கொளுத்துவதை மட்டும் தவிர்த்தான். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தான். விமானத்தின் மூக்கில் ஒன்று, கதவுக்கு முன்னால் ஒன்று என்று சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். மனம் நிறைந்துபோய், திரும்பி வந்த செபநாயகத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

எழும்பிய கையோடு கடல்பக்கமிருந்து வந்த மேகம் அவர்களை மூடிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. உயரம் காட்டும் முள் அசையாமல், இன்னும் தரையில் நிற்கிறோம் என்றது. வேகம் காட்டும் முள்ளோ விழுந்துகொண்டே வந்தது. செபநாயகம் மூக்கைத் தாழ்த்தினார். காற்று உறுமியது.

"எதை நம்பிறது? எவ்வளவு உயரத்திலை நிக்கிறம் எண்டே தெரியேல்லையே!"

கீழே எங்கோ காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் உயரமான புகைபோக்கி நின்றது.

பஞ்சலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முட்களுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் வருவது ஒரே ஒரு ஊசித்துளையால். அது கதவுக்கு முன்னால் இருந்தது. சந்தனம் அப்பியதும் அங்கேதான். சொன்னால் வேலை போகும், பெண்சாதி பூரணமும் பிள்ளைகளும் தெருவுக்கு வரவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு உயிரும் போகும். இவ்வளவு தெரிந்தும் அந்தக் கேடுகெட்ட மனம் சாக்குத் தேடியது.

"அண்ணை, துளையை அடைச்சது நான்தான். பொட்டு வைச்சனான்."

செபநாயகம் திரும்பவில்லை. "செத்த மீற்றருக்கும் அதே குழாய்தானே? நீ கழட்டேல்லைத்தானே?"

"இல்லை. அப்பிடியே கிடக்கு."

"அப்ப உந்தக் கண்ணாடியை உடை! இஞ்சை உள்ளுக்கை இருக்கிற காத்து அதாலை குழாய்க்குள்ளை போகட்டும்!"

பஞ்சலிங்கம் ஸ்பானரை எடுத்து ஒட்டின கடதாசிமேல் ஓங்கிக் குத்தினான். உடையவில்லை. மறுபடி குத்தினான். கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. உயர முள் துடித்தது, நகர்ந்தது, முந்நூறு அடியில் நின்றது.

"யேசுவே!" செபநாயகம் விமானத்தை மேலே இழுத்தார்.

மேகம் விலகி ஓடுபாதை தெரிந்தது. இறங்கியதும் செபநாயகம் நேரே கதவுக்கு முன்னால் போய்க் குனிந்தார். பஞ்சலிங்கம் அடி விழும் என்றே நின்றான். அவர் மேக ஈரத்தில் ஊறியிருந்த சந்தனத்தை நகத்தால் வழித்தெடுத்து வந்து, அவன் நெற்றியில் அழுத்தி வைத்தார்.

"பொட்டு வைக்கிற இடம் உது."