திறக்காத சட்டை

அக்கா கை வைத்ததும் சட்டை திறந்துகொண்டது. அது திறக்கக் கூடாத சட்டை.

தம்பிக்கு வேறு நல்ல சட்டையாக மாற்றிவிடலாம் என்றுதான் போர்வையை இடுப்புவரை விலக்கினாள். நேற்று மாலை உடலைக் கொண்டுவந்து கிடத்தியதிலிருந்து யாரும் அதை விலக்கவில்லை. கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. கழற்றினாள். அடுத்ததும் கழன்றது. அதற்கடுத்ததும் கழன்றது. நான்காவது பட்டனில் அவள் கை நின்றுவிட்டது.

தம்பியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. நடுவில் இருந்த மூன்றும் ஒன்பது வருடங்களுக்கு முன்பு தொழிற்சாலை உருளைக்குள் போயின. காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவன். ஒவ்வொரு பட்டனோடும் மல்லுக்கட்ட நேரம் இருக்காது. கொஞ்ச நாள் அவன் மனைவி எழுந்து போட்டுவிட்டாள். பிறகு ஒருநாள் தம்பி அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இவ தூக்கக் கலக்கத்துல போட்டுவிடறா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பஸ்ல எல்லாரும் என் தொப்புளப் பார்த்துக் குட்மார்னிங் சொல்றாங்க."

அன்றைக்குத்தான் அக்கா அந்த வழியைக் கண்டுபிடித்தாள். பட்டன்களை எல்லாம் போட்டு, கழுத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டாவது பட்டனிலிருந்து அடிவரை உள்பக்கமாக ஒரு தையல் ஓட்டினாள். வெளியே பார்த்தால் சட்டை. மாட்டும்போது பனியன். தலைவழியாக மாட்டிக்கொண்டு போய்விடலாம். அவனிடம் இருந்த எட்டுச் சட்டையும் அப்படித்தான். கழுத்துப் பட்டனை அவன் போட்டதே இல்லை.

இப்போது அந்தத் தையல் இல்லை. ஓரத்தில் நூல் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிய்ந்து வந்த நூல் இல்லை, அறுத்த நூல். அது தையல்காரிக்குத் தெரியும்.

தொழிற்சாலை மேனேஜர் நேற்று சொன்னது வேறு. வேலை முடிந்ததாம். குளித்து, உடை மாற்றி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனானாம். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தானாம். மாரடைப்பு என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளையும் காட்டினார். ஆஸ்பத்திரியில் கிடத்தி அறுக்க விடாமல் நேராக வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம் என்றார். அழுகைக்கு நடுவில் எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். அக்காவும் சொன்னாள்.

பட்டன்களைத் திரும்பப் போட்டாள். போர்வையை இழுத்துவிட்டாள். எழுந்து வெளியே வந்தாள்.

பின்பக்கக் குழாயடியில், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். தம்பியோடு ஒரே ஷிஃப்ட். நிலையில் தலையை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தெரியாதவன் என்று தம்பி அவனைக் கிண்டல் செய்வான். நேற்றிலிருந்து அவன் இந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை. கழுவியதையே திரும்பக் கழுவினான்.

அக்கா குழாயை மூடினாள்.

"சட்டைய யாரு போட்டுவிட்டது?"

எந்தச் சட்டை என்றான். பிறகு, அவரே போட்டுக்கொண்டுதான் கிளம்பினார் என்றான். அக்கா நகரவில்லை.

"பிளேடு எங்க கிடைச்சுது?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

பிறகு சொன்னான். கழிவுத் தொட்டிக்குள் அடைப்பு. காற்று இறைக்கிற மெஷின் மூன்று மாதமாக ஓடவில்லை. ஆலையை இரண்டு மணி நேரம் நிறுத்தினால் இறங்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறான். லோடு போக வேண்டும், நிறுத்த முடியாது என்றார்கள். இறங்கினான். ஏணியில் பாதி ஏறி வந்து விழுந்தான். கயிறு போட்டுத் தூக்கினார்கள். மேனேஜர் முதலாளிக்குப் போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், அதனால் எல்லோருக்கும் கேட்டது. உள்ளே நடந்ததாக இருக்கக் கூடாது என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார்.

"ஹோஸ் பைப்ல குளிப்பாட்டினோம்க்கா. சட்டை முன்னாடி திறக்கல. தலைவழியா மாட்டவும் வரல, கனமா இருந்தாரு. அதான் நூல அறுத்தேன்."

"ஒன்பது வருஷமா கூட வேலை பார்க்கிற. பட்டன் போடத் தெரியாதவன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப ஞாபகம் வரலக்கா."

அக்கா குழாய்மேட்டில் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசிப் பட்டன் போடும்போது," என்றான், "என் கையப் புடிச்சாரு."

குழாயிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.

"எந்தக் கையால?"

அவன் தன் வலது கையைத் தூக்கினான். நடுவிரல்கள் மூன்றையும் மடக்கிக்கொண்டான். மீதி இரண்டால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான்.

"உயிர் இருக்குதுன்னு சொன்னேன்க்கா. முதல்ல வெளிய கொண்டு போங்கன்னு மேனேஜர் கத்தினாரு. பஸ் ஸ்டாப்புல படுக்க வச்சு, அப்புறந்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னாங்க. அதுக்குள்ள அரை மணி நேரம். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

பத்தரைக்கு முதலாளி வந்தார். தெருவில் வரிசையாக இருந்த வீடுகள் எல்லாம் அவருடையவை, தம்பி குடியிருந்ததும்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தலை குனிந்து வந்தார். மலர்வளையத்தைக் காலடியில் வைத்தார். தம்பியின் வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது.

"பதினஞ்சு வருஷம்," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு சின்ன விபத்து கூடக் கிடையாது. அப்படி ஒரு வேலைக்காரன்."

யாரோ ஆமாம் என்றார்கள்.

தம்பி மனைவியிடம் திரும்பி, வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். பேக்கிங் பிரிவில் வேலை இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், இரண்டு பெண்களும் படித்து முடிக்கட்டும் என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒன்று தெரியும் என்று பார்த்தாள். நன்றாகச் சவரம் செய்த, கொஞ்சம் களைத்த முகம். அவ்வளவுதான் தெரிந்தது.

பதினொரு மணிக்கு மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். வண்டி வந்தது. உடலைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். கதவைச் சாத்தப் போனபோது அக்கா ஏறி, காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள்.

பொம்பளைங்க பின்னால் காரில் வரலாம் என்றார் மேனேஜர். அவள் இறங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லுங்க," என்றாள். "அறுத்துப் பார்க்கட்டும்."

மேனேஜர் நெருங்கி வந்து, டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதே என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். துக்கத்தில் மனம் பேதலிப்பது இயல்புதான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கினார். பின்னால் நின்ற காரின் கண்ணாடி பாதி இறங்கியது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தம்பி மனைவி ஓடி வந்தாள்.

"இறங்குங்க அண்ணி. அவர அறுக்க விடப் போறீங்களா? உங்க தம்பியையா?"

"ஆமா."

"இன்னிக்கு ராத்திரி நான் புள்ளைங்களோட எங்க படுக்கிறது? வீடு அவங்களோடது அண்ணி. உங்களுக்கென்ன, மெஷின் இருக்கு, தைச்சுப் பொழைச்சுக்குவீங்க."

அக்காவின் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதிலும் பாதி தைக்க வந்த துணி என்பதை இரண்டு பேரும் அறிவார்கள். அவள் குனிந்து, தம்பி மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லத்தான் நினைத்தாள். குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வண்டியின் தகரத்தில் பட்டு எல்லோருக்கும் கேட்டது.

"தொட்டிக்குள்ள விழுந்திருக்கான். தூக்கிப் போட்டுக் குளிப்பாட்டி, துணி மாத்திக் கொண்டு போயி ரோட்டுல படுக்க வச்சிருக்காங்க. அரை மணி நேரம். அப்ப உயிரோட இருந்தான்."

தம்பி மனைவி மேனேஜரைப் பார்த்தாள். அவர் யாருக்கோ போன் செய்வதற்காக நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரின் முனையில் நெட்டை நின்றான். அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவள் வண்டியின் விளிம்பைப் பிடித்தாள். ஏற முடியவில்லை. அக்கா கை கொடுத்தாள். இரண்டாவது முயற்சியில் ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

காரின் ஹாரன் ஒருமுறை அடித்தது.

வண்டி ஓட்டுகிறவர் முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்தார். வெளியூர் ஆள், யாருக்கும் தெரியாதவர். இரண்டு பெண்களையும் பார்த்தார். காரைப் பார்த்தார். மயானத்துக்கு இப்போது எடுக்க முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் இன்ஜினை அணைத்தார். தெரு கொஞ்சம் சரிவு. சாக்கடை ஓரத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, முன்சக்கரத்துக்கு அடியில் செருகினார்.