சிட்டு என்றொரு ஃபோல்டர்

சிட்டுவின் பெரியப்பா மகன் அந்தக் கம்பெனியில் டீம் லீடர். அவரை அண்ணன் என்றே சொல்வோம். அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், ஆபீஸில் மட்டும் சார். மரியாதைக்கு ஒரு ‘ர்’ போட்டு ஆரம்பித்துவிட்டேன். கதை முடிவதற்குள் அது எத்தனை முறை தொண்டையில் சிக்கப்போகிறதோ தெரியாது.

சிட்டுவின் அப்பா இறந்த மூன்றாம் மாதம், தன் வீட்டு மாடியில் இருந்த இரண்டு அறைகளைத் தாயும் மகளும் இருந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தவர் அண்ணன். வாடகை வேண்டாம் என்றார். ஆறாம் மாதம் சிட்டுவைத் தன் ஆபீஸிலேயே கான்ட்ராக்டில் சேர்த்தும் விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அண்ணன்தான் எல்லாம். மாடிக் குளியலறையில் கூரை ஒழுகியது. கீழே போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், “அவன் நமக்குச் செஞ்சது போதாதா?” என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள். மூன்று வருடமாக வாளி வைத்துத்தான் சமாளித்தார்கள்.

சிட்டு என்பது வீட்டுப் பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணன் எல்லார் முன்னாலும் அப்படிக் கூப்பிட, ஆபீஸிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ப்ரோக்ராம் எழுதும் சாஃப்ட்வேரை அவள் முதன்முதலாகத் திறந்தபோது, உன் ப்ராஜெக்டுகளை எல்லாம் எங்கே வைக்கட்டும் என்று அது கேட்டது. அவளும் ‘சிட்டு’ என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கி அதைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் எதைத் தொடங்கினாலும், சொல்லாமலே அது அந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்படி உட்கார்ந்த ஒன்றுதான் பஸ் ப்ராஜெக்ட். எண்பத்து நான்கு பஸ்கள் ஓட்டுகிற ஒரு கம்பெனி. நாளைக்கு எந்த பஸ்ஸை எந்த டிரைவர் எடுப்பது என்று தினமும் ஒரு பெரிய தாளில் பென்சிலும் ரப்பருமாக எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செய்து தர வேண்டும். பதினோரு மாதம் சிட்டு ஒருத்தியே உட்கார்ந்து எழுதினாள். ஒரு டிரைவர் திடீரென்று லீவு போட்டு, பதிலுக்கும் ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில், ‘இந்த பஸ்ஸுக்கு ஆள் இல்லை, என்ன செய்யலாம்?’ என்று ப்ரோக்ராமே ஒரு சின்னக் கட்டத்தில் கேட்கும்படி வைத்தாள். பதில் வரும்வரை அது பொறுமையாகக் காத்திருக்கும்.

இந்த ப்ராஜெக்டை எழுதியவர் யாரோ, கஸ்டமர் ஒப்புக்கொண்டதும் அவருக்கு ஒரு படி மேலே என்று முதலாளி சொல்லியிருந்தார். கான்ட்ராக்டில் இருந்தால் நிரந்தரம். ஏற்கெனவே நிரந்தரம் என்றால் மேனேஜர். இதை அண்ணனே ஒரு நாள் சந்தோஷத்தில் உளறிவிட்டார். நிரந்தரம் ஆகிவிட்டால் ஒழுகாத கூரையுள்ள ஒரு வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று சிட்டு கணக்குப் போட்டாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. முதலாளி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை, ஆனால் எழுதியது யார் என்று ஒரு நாள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அடுத்த வாரமே அண்ணனிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. டீமில் இருக்கும் ஏழு பேரும் அவரவர் ப்ராஜெக்ட் ஃபோல்டரை மாற்றிவிட வேண்டும். இனி எல்லாம் அண்ணன் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள்தான். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒழுங்கு என்றார். சொன்னதோடு விடாமல் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நின்று பார்த்தார். சிட்டு செட்டிங்ஸைத் திறந்தாள். ‘சிட்டு’ என்று இருந்ததை அழித்துவிட்டு அண்ணன் பெயரை அடித்து ஓகே கொடுத்தாள். இவ்வளவுதானா என்று அண்ணன் கேட்டார். இவ்வளவுதான் என்றாள்.

இவ்வளவுதான் இல்லை. அண்ணன் ப்ரோக்ராம் எழுதி ஒன்பது வருடமாகிறது. அந்த மாற்றம் இனிமேல் புதிதாகத் தொடங்குவதற்கு மட்டும்தான். பழையது இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராது. செட்டிங்ஸில் பெயர் அடித்த இடத்துக்குக் கீழேயே பொடி எழுத்தில் அப்படிப் போட்டிருந்தது. அண்ணன் பொடி எழுத்தைப் படிக்கிற ரகமில்லை. சிட்டு படித்தாள், படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் மூடிக்கொண்டாள் என்றால், அதற்கு முந்தின நாள்தான் அண்ணன் முதலாளிக்கு அனுப்பியிருந்த கடிதம் அவள் கண்ணில் பட்டிருந்தது. ‘நான் பதினோரு மாதம் தனியாக உழைத்து எழுதிய இந்த ப்ரோக்ராம்’ என்று இருந்தது. நாக்கூசாமல் எழுதியிருந்தார். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மா கதவைத் தட்டி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “அவன் பேரு வந்தா என்ன, உன் பேரு வந்தா என்ன? ஒரே குடும்பம்தானடி” என்றாள். ஒரே குடும்பத்தில் யார் தலையில் ஒழுகுகிறது என்று சிட்டு கேட்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஃபோல்டர்தான். ஒரு ப்ரோக்ராம் எந்த ஃபோல்டரில் உருவானதோ அந்தப் பெயரை அது தன் உள்ளே வைத்திருக்கும். வெளியே காட்டாது. எங்காவது தடுக்கி விழுந்தால் மட்டும், இந்த ஃபோல்டரில் இந்த வரியில் விழுந்தேன் என்று ஒப்பிக்கும். தான் எழுதியது விழாது என்று அவளுக்குத் தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் பெயர் உள்ளே இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

பஸ் கம்பெனிக்காரருக்கு ப்ரோக்ராமைப் போட்டுக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஆபீஸில் அண்ணன் சிட்டுவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கஸ்டமர் முன்னால் ப்ரோக்ராம் கேள்வி கேட்டால் நமக்கே பதில் தெரியவில்லை என்று நினைப்பார்களாம். பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்று கேட்கும் அந்தக் கட்டத்தை அப்படியே வழித்து எடுத்தார். அது இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்று சிட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று அண்ணன் கேட்டதும் ஒதுங்கி நின்றாள்.

கூட்ட அறையில் முதலாளி, அண்ணன், பஸ் கம்பெனிக்காரர் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி. பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் ஓரத்தில் சிட்டு. அரை மணி நேரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அண்ணன் ‘நான்’, ‘நான்’ என்று சொல்லச் சொல்ல முதலாளி தலையாட்டினார். அப்போது பஸ் கம்பெனிக்காரர், தன்னிடம் ஒரு டிரைவர் இருப்பதாகவும், அவன் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுவதில் மன்னன் என்றும், அவனுக்குப் பதில் ஆளும் கிடைக்காது என்றும், அவனுக்கு ஒரு லீவு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிட்டு அந்த டிரைவருக்கு லீவு போட்டாள். அழுத்தினாள். சுவரில் விழுந்துகொண்டிருந்த படம் அப்படியே நின்றது. பிறகு சுவர் அகலத்துக்குச் சிவப்பு எழுத்துகள் வந்தன. அவற்றின் நடுவே, சிட்டு என்ற ஃபோல்டரில், பஸ் ப்ராஜெக்டில், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் என்று பளிச்சென்று இருந்தது.

“யாருங்க இந்த சிட்டு?” என்றார் பஸ் கம்பெனிக்காரர்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள்தானே எழுதினீர்கள் என்கிற கேள்வி முதலாளி கண்ணில் இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் சிட்டு சந்தோஷமாக இருந்தாள். தான் எழுதியது விழுந்து கிடக்கிறது, எதிரே கஸ்டமர் உட்கார்ந்திருக்கிறார், இவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதற்காக யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம். மூன்று வருடத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு மூச்சுதான்.

அண்ணன் நிதானமாகத் தொண்டையைச் செருமினார். “எங்க சித்தப்பா பொண்ணு சார். அப்பா இல்லாத பொண்ணேன்னு ஒரு சின்ன பகுதிய மட்டும் நம்பிக் குடுத்தேன். கரெக்டா அங்கதான் விழுந்திருக்கு. தப்பு என்னோடதுதான்.”

சிட்டு எழுந்துவிட்டாள். “இல்ல சார். இது முழுக்க நான் எழுதினது. அந்த எடத்துல இருந்தத இன்னைக்குக் காலைல அண்ணன்தான் எடுத்தாரு.”

முதலாளி அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “முழுக்க நீ எழுதினதா?”

“ஆமா சார்.”

“அப்ப விழுந்ததும் நீ எழுதினதுதானே?”

பஸ் கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்ல சிட்டு வாயைத் திறந்தாள். அண்ணன் மாற்றியது அவளுடைய கம்ப்யூட்டரில், அவள் பெயரில் திறந்திருந்தபோது. அங்கேயும் அவள் பெயர்தான் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். கான்ட்ராக்ட் இன்றோடு முடிந்தது என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவம் சார், மாசக் கடைசி வரைக்குமாவது என்று அண்ணன் கெஞ்சினார். உங்களுக்கு ரொம்ப இளகின மனசு என்று முதலாளி அவரைக் கடிந்துகொண்டார். சரிசெய்து காட்ட அண்ணனுக்குத் திங்கட்கிழமை வரை தவணை கிடைத்தது.

சிட்டு வீட்டுக்கு வருவதற்குள் சேதி மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊர்ப்பட்ட பேர் முன்னால் அண்ணனைக் கைநீட்டிக் குற்றம் சொன்னாயாமே என்று அம்மா பிடித்துக்கொண்டாள். நடந்ததைச் சிட்டு சொல்லச் சொல்ல, அம்மா காதில் ஏறவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் சாப்பிடு என்ற வார்த்தையைத் தவிர வேறு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் படியேறி வந்தார். மூன்று வருடத்தில் முதல் முறை. கையில் ஆபீஸ் கம்ப்யூட்டர். அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தவர், நாளைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்றார். பிறகு, சும்மா ஞாபகம் வந்ததுபோல, மாடியை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

அம்மா வெலவெலத்துப் போனாள். “அவ செஞ்சு தருவா தம்பி. ஏய், மொதல்ல அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு.”

விடுங்க சித்தி, சின்னப் பொண்ணு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிட்டு அதற்காகவே அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள் கேட்டாள். சரியாகக் காதில் விழவில்லை என்றார். மறுபடியும் கேட்டாள்.

அன்று காலை ஆபீஸில் அவர் வழித்து எடுத்ததைத் திரும்ப எழுத அவளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் விடவில்லை. அந்தப் பெயர் இனி எந்தக் காலத்திலும் வெளியே வரக் கூடாது என்றார். அன்றைக்கே பக்கத்தில் நின்று மாற்றச் சொன்னேனே, ஏன் மாறவில்லை என்று கேட்டார்.

“அது புதுசா ஆரம்பிக்கறதுக்கு மட்டும்தாண்ணா. பழசு அங்கயேதான் இருக்கும்.”

“இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

சிட்டு கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். பார்த்தீர்களா சித்தி என்பதுபோல அண்ணன் திரும்பினார். அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இருபத்தொன்பது வயதுப் பெண், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி அடி வாங்கினாள். அண்ணன் தடுக்கவில்லை. நகம் ஏதும் உடைந்திருக்கிறதா என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

சிட்டு ப்ராஜெக்டை அண்ணன் பெயரில் இருந்த ஃபோல்டருக்கு நகர்த்தினாள். அங்கே வைத்துப் புதிதாக உருவாக்கினாள். நம்பிக்கை வரவில்லை என்று அவர் சொன்னதால், வேண்டுமென்றே ஒரு முறை தடுக்கி விழவைத்துக் காட்டினாள். சிவப்பு எழுத்தில் அண்ணன் பெயர் வந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். காலியாகக் கிடந்த சிட்டு ஃபோல்டரையும் அழிக்கச் சொன்னார். அழித்தாள். எல்லாவற்றையும் சேமித்து மூடினாள். தன்னிடம் இதற்கு மேல் யாரும் எதையும் கேட்க முடியாது என்று நினைத்தாள்.

அப்போது முதலாளியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“முடிஞ்சுதா?”

“நானே உக்காந்து பண்ணிட்டிருக்கேன் சார். கடைசி ரெண்டு லைன்தான். தட்டிக்கிட்டேதான் பேசறேன்.”

சொல்லிக்கொண்டே போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, தட்டு என்று சிட்டுவுக்குச் சைகை காட்டினார். அவள் விழித்தாள். தட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அம்மாவும் அவசர அவசரமாக விரல்களை ஆட்டிக் காட்டினாள், தட்டேன்டி என்று.

சிட்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து தட்ட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் திரண்டு எழுத்து எதுவும் தெரியவில்லை. கைக்கு வந்ததைத் தட்டினாள்.

“கேக்குது, கேக்குது” என்றார் முதலாளி. “ஒன்பது வருஷத்துக்கப்புறமும் என்னா வேகம் உங்களுக்கு!”

அண்ணன் அடக்கமாகச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் பலமாக என்று கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கை கீழே இறங்கும்வரை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.