ரிம்மா வண்டிக்குள் இல்லை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னதே ரிம்மாதான்.

போன மார்ச் மாதக் கடைசியில் இன்னகென்ட்டியின் வேன் உறைந்துகிடந்த பைக்கால் ஏரியின் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கடைக்கு மாவு வாங்க வருகிறவர்களும் ஆணி வாங்க வருகிறவர்களும் அதைத்தான் பேசுகிறார்கள். சொல்கிற ஒவ்வொருவரும், கதை முக்கால்வாசி முடியும்வரை அவன் மனைவி ரிம்மாவைத் தண்ணீருக்கடியிலேயே வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர் வாய்பிளந்து நின்ற பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது.

"நீயாவது ஒழுங்கா எழுது" என்றாள் என்னிடம். "ஒவ்வொருத்தன் வாயிலயும் ஒரு தடவை முங்கிச் சாகறேன். கேக்கறப்ப எனக்கே மூச்சு முட்டுது."

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி மூழ்கியபோது ரிம்மா அதற்குள் இல்லை. (இதைச் சொன்னதுமே கையிலிருந்த சரக்கில் பாதி போய்விட்டது. போகட்டும்.) எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு இன்னகென்ட்டிக்கு மட்டும் தெரியாது. கதையில் மிச்சம் இருப்பது அதுதான்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போனது.

"அன்று ஏரி கண்ணாடியைப் போல—" வேண்டாம். ஏரியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

"இன்னகென்ட்டிக்கு மனைவியைவிட மீன்தான்—" இதுவும் வேண்டாம். இதை வாசித்துக் காட்டியபோது ரிம்மாவின் முகம் மாறிவிட்டது. "அவனைக் கெட்டவனா எழுதாதே. கெட்டவன் இல்ல. கூப்பிட்டா திரும்பிப் பாக்கமாட்டான், அவ்வளவுதான்."

அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அக்கரையில் ரிம்மாவின் அக்கா தைசியா கால் முறிந்து கிடந்தாள். பனி இளகுவதற்குள் அழைத்துப்போகிறேன் என்று கேஷா (இன்னகென்ட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று காலை ஒருவழியாகக் கிளம்பினார்கள். பாதி வழியில், மணல்திட்டுக்குப் பக்கத்தில், ஸிரென் அண்ணன் பனியில் துளை போட்டு ஓமுல் மீனைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கேஷாவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"பத்தே மீன், ரிம்மா. உங்கக்காவுக்குத்தான்."

வேனை நிறுத்தினான். காற்றுக்கு மறைப்பாகத் தார்ப்பாயைக் கட்டி, அதன் பின்னால் போய் ஸிரெனுக்குப் பக்கத்தில் துளைக்கு முன் உட்கார்ந்தான். இருவர் முதுகும் வேன் பக்கம். ரிம்மா வண்டியில் காத்திருந்தாள். பத்து மீன் முப்பது ஆகியிருக்கும். கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"கேஷா, போலாமா?"

"இரு, இதோ."

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் "இரு" என்றான். திரும்பவில்லை.

3

ஏரி மார்ச்சில் நாள் முழுக்க முழங்கும். எங்கோ விரிசல் விடும், எங்கோ இடிக்கும். பழகியவன் தலை நிமிரமாட்டான். கேஷாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டான், நிமிரவில்லை. மீனைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தார்ப்பாய்க்கு வெளியே வந்தபோது வேன் நின்ற இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். "ஒண்ணும் தோணல. மீன் சாக்கைக் கீழ வைக்கணும்னுகூடத் தோணல" என்றான். தோளில் சாக்கோடுதான் ஓடியிருக்கிறான். ஓரத்தில் படுத்து எட்டிப் பார்த்தான். எங்கள் ஏரியின் தண்ணீர் எதையும் மறைக்காது. அடியில் வேனின் கூரை தெரிந்தது. ஆழம் அதிகமில்லை, இரண்டு ஆள் உயரம். கூரை தெரிந்தது, உள்ளே தெரியவில்லை.

குதிக்கப்போனவனை ஸிரென் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினார்.

"விடுங்க அண்ணே. ரிம்மா உள்ள இருக்கா."

"எவ்வளவு நேரமாச்சுடா?"

கேஷாவுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்த்தே வெகுநேரம் ஆகியிருந்தது.

(இங்கே நீங்கள் குறுக்கே கேட்பீர்கள்: காலடித் தடம் இல்லையா? இல்லை. காற்று பெருக்கிவிட்ட வெறும் பனி, தடம் பதியாது. அக்காவுக்குப் போன் செய்திருக்கலாமே? அக்கரைப் போன் கோபுரம் ஒரு வாரமாகச் செத்துக் கிடந்தது. அது போகட்டும். அவள் இறங்கிப் போயிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இரு என்றால் இருப்பவள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.)

4

ஸிரென் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போய் எங்களை அழைத்துவந்தார். நகரத்து மீட்புப் படைக்குச் சொல்லியாயிற்று. வந்து சேர அரைநாளாவது ஆகும். உயிரைக் காப்பாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "வண்டியைத் தூக்கணும்" என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

முதல் யோசனை ஸிரெனுடையது. லாரி டியூப்களைக் காற்றில்லாமல் கழியால் வேனுக்கடியில் திணிப்பது, குழாய் விட்டுக் கால் பம்பால் காற்றடிப்பது, மிதந்து வந்துவிடும் என்றார். வேன் கொஞ்சம் அசையவும் செய்தது. அப்புறம் ஒரு டியூப் நழுவி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, கப்பிட்டலீனா அக்காவின் டீக் கெட்டிலை அடித்துத் தள்ளியது.

கப்பிட்டலீனாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கடைக்காரி. இரண்டு வரைவுகளில் அவளை எடுத்துவிட்டேன். கதைக்கு அவள் எதற்கு, டீ ஊற்றவா? ஆனால் எடுத்ததும் கதை அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால், கெட்டிலைப் பொறுக்கிக்கொண்டு அவள்தான் சொன்னாள்:

"பொம்மை விளையாட்டு போதும். எங்க வீட்டுக் குளியலறை கட்ட லார்ச் மரம் அடுக்கி வச்சிருக்கேன். எடுத்துட்டு வாங்க."

"அக்கா, அது நீங்க ரெண்டு வருஷமா—"

"நான் அழுக்கா இருந்துட்டுப் போறேன். எடுத்துட்டு வா."

மரங்கள் வந்தன. மூன்றை உச்சியில் கட்டித் துளைக்கு மேல் முக்காலியாக நிறுத்தினோம். டிராக்டர் கொட்டகையிலிருந்து வந்த, பளு தூக்கும் செயின் பிளாக்கை அதில் தொங்கவிட்டோம். கொஞ்சம் தள்ளிப் பனியின் பாதிக் கனத்துக்குக் குழி வெட்டி, ஒரு தடித்த கட்டையை நட்டு, சுற்றிலும் பனித்தூளும் தண்ணீரும் கொட்டினோம். அது இறுகிச் சிமெண்டுபோல ஆனது. அந்தக் கட்டையில் கயிற்றைச் சுற்றி, கயிற்றின் வளையத்தில் கடப்பாரையைச் செருகி, ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு கட்டையைச் செக்குமாடுபோலச் சுற்றிவர வேண்டும்.

(ஊரே சேர்ந்து தேர் இழுத்ததைப் போல என்று எழுதிவிட்டு அடித்தேன். தேர் இழுக்கிறவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.)

கேஷா கழியின் நுனியில் கொக்கியைக் கட்டி, பனியில் குப்புறப் படுத்து, வேனின் பின்பக்க இழுவை வளையத்தில் மாட்டப் பார்த்தான். நழுவியது. மறுபடி மாட்டினான். தோள்வரை நனைந்து சட்டை விறைத்துப்போனது. யாரோ கழியை வாங்கப் போனதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். கொக்கி மாட்டியதும் எழுந்து வந்து, கையுறை இல்லாமல் கயிற்றைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் நான் பிடித்தேன். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஜெபம் என்று நினைத்தேன். காது கொடுத்தபோதுதான் தெரிந்தது:

"இதோ வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

5

வேனின் பின்பக்கம் முதலில் மேலே வந்தது. சக்கரங்கள் பனி மட்டத்துக்கு வந்ததும் அடியில் பலகைகளைச் செருகினோம். கட்டையைச் சுற்றச் சுற்ற, வேன் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏறி நின்றது. கதவிடுக்குகளிலிருந்து அருவியாக ஊற்றியது.

ஸிரென், "நீ இங்கயே நில்லு" என்று கேஷாவைக் கப்பிட்டலீனாவிடம் பிடித்துக்கொடுத்துவிட்டுப் போய்ப் பின்கதவைத் திறந்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இல்ல" என்றார்.

"என்ன இல்ல?" என்றாள் கப்பிட்டலீனா.

"ஆளே இல்ல."

கேஷா அவள் கையை உதறிவிட்டு ஓடி உள்ளே ஏறினான். இருக்கைக்கு அடியில் தடவினான். உள்ளே கிடந்த இன்னொரு தார்ப்பாய் உருளையைப் பிரித்தான். ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியே இருந்தன, கதவுகள் சாத்தியே இருந்தன; தண்ணீர் இழுத்துப்போக வழி இல்லை. கடைசியில் முன் இருக்கைக்குப் பின்னால் வெகுநேரம் குனிந்திருந்தான்.

"பையைக் காணோம்" என்றான்.

"எந்தப் பை?"

"அவ துணிப்பை. அக்காவுக்குன்னு ஜாம் பாட்டில் ஒண்ணு மடியிலயே வச்சிருந்தா. அதையும் காணோம்." எங்களைத் திரும்பிப் பார்த்தான். "முங்கறவ ஜாம் பாட்டிலை எடுத்துட்டா போவா?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அவனுக்கே மெதுவாகத்தான் விளங்கியது. வேனின் படியில் உட்கார்ந்தான். உதடு கோணியது, தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"விட்டுட்டுப் போயிட்டா" என்றான். "அண்ணே, என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"சரிடா."

"அக்கா, கேட்டீங்களா? ரிம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டா."

கப்பிட்டலீனா அவன் தலையைப் பிடித்துத் தன் கோட்டில் அழுத்திக்கொண்டு சத்தமாக அழுதாள். ஸிரென் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டி ஓடிப்போனதுக்கு இப்படிச் சந்தோஷப்படற ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். ஒருவன் கடப்பாரையை விட்டுவிட்டுப் பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். மூச்சு அப்போதுதான் நெஞ்சுக்குள் போய் இறங்கியது. கேஷா மறந்துவிட்ட சாக்கிலிருந்து மீனை எடுத்து உப்போடு அங்கேயே தின்றோம். அவ்வளவு ருசியான மீனை நான் அதற்கப்புறம் தின்றதில்லை.

6

இனி முடிவு. ஊரில் இரண்டு முடிவுகள் நடமாடுகின்றன.

கப்பிட்டலீனாவின் முடிவில், சேதி கேட்டு ரிம்மா ஏரியைக் கடந்து ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அது நடக்கவில்லை. கடையில் அக்கா அதைச் சொல்லும்போது நான் மறுப்பதும் இல்லை. குளியலறை மரத்தைக் கொடுத்தவள், அவளுக்கு ஒரு முடிவு கொடுக்கலாம்.

ஸிரெனின் முடிவில், கேஷா மீன் பிடிப்பதையே விட்டுவிடுகிறான். இதைச் சொல்லும்போது ஸிரெனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்தது இது. வேனிலிருந்து இறங்கி அக்கரைக்கு நடந்தவளை வழியில் தபால் ஜீப் ஒன்று ஏற்றிப்போயிருந்தது. மறுநாள் காலை ஸிரெனின் மோட்டார் சைக்கிளில் கேஷா அக்கரைக்குப் போனான். தைசியாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். ரிம்மா திறந்தாள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவன் கைகளில் கயிறு உரசித் தோல் கிழிந்திருந்ததைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு கைக்கு?"

"வேன் ஏரிக்குள்ள போயிடுச்சு. தூக்கிட்டோம்."

"ஓ. எப்போ?" என்றாள்.

"நீ உள்ள இருக்கேன்னு நினைச்சப்போ."

அவள் கதவின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தைசியா யாரென்று கேட்டாள்.

"கூட்டிட்டுப் போக வந்தியா?"

"இல்ல. பாக்கணும்னு வந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்துட்டே இருக்கேன்."

ரிம்மா வாயைத் திறந்தாள்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அவள் சொன்னது எனக்குத் தெரியும். "கதவு வரைக்கும் எழுதிக்கோ, உள்ள வராதே" என்று சொல்லிவிட்டாள். அவள் இப்போது எந்தக் கரையில் இருந்து என்னோடு பேசுகிறாள் என்றும் கேட்காதீர்கள்.

மிச்சம் உங்களிடம். கேஷா படியில் நிற்கிறான், வெளியே கடும் குளிர், உள்ளே அடுப்பு எரிகிறது. கதவு திறந்தே இருக்கிறது. ரிம்மா என்ன சொன்னாள் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், வீடு குளிர்ந்துகொண்டிருக்கிறது.