பனியில்லாத சறுக்குமலை

கிழக்கு லண்டனில் மலை என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதுவும் பழைய காஸ் ஃபாக்டரி கொட்டிய சாம்பல். அதன் மேல் பிளாஸ்டிக் தும்புப் பாய் விரித்து, உச்சிக்கு உட்கார்ந்து போகக் கம்பியில் கதிரைகளைத் தொங்கவிட்டு, கொஞ்சக் காலம் வெள்ளைக்காரர் பனியில்லாமலே சறுக்கி விளையாடினார்கள். பிறகு கூட்டம் குறைந்தது, பூட்டிவிட்டார்கள். இப்போது குலசேகரம் அந்தப் பாய்களை உரித்துக்கொண்டிருந்தான்.

கதிரைகள் காற்றுக்கு ஆடினால் அவனுக்கு வேலை ஓடாது. களவாக லண்டன் வரப் புறப்பட்ட மச்சான் அம்பலவாணன், போன மாதம் ஏதோ ஒரு நாட்டு மலையிலிருந்து போன் எடுத்திருந்தான். "அத்தான், மூடின பனிச்சறுக்கு ஹோட்டல் ஒண்டிலை ஏஜென்சிக்காரன் எங்களை அடைச்சு வைச்சிருக்கிறான். வெளியிலை கம்பியிலை கதிரையள் தொங்குது. மலைக்கு அங்காலை எல்லையாம்." அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தம்பி வந்து சேர்ந்தால் முருகனுக்கு மலை ஏறுவதாகக் குலசேகரத்தின் மனைவி தவமலர் நேர்ந்திருந்தாள். பழனிக்கா போக முடியும்? பஸ்ஸிலிருந்து தெரியும் இந்தச் சாம்பல் மலையைத்தான் மனதில் வைத்திருந்தாள். நாளைக்கு வேலி அடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மத்தியானம் தேங்காயோடு கேற்றடியில் வந்து நின்றாள்.

"தம்பி இன்னும் வரேல்லையே," என்றான் குலசேகரம். "வந்தால்தானே நேர்த்தி?"

"முன்னுக்கே செய்து விடுறன். வாங்கிப்போட்டு முருகன் சும்மா இருக்கட்டும் பாப்பம்."

கூட வேலை செய்யும் யாக்கோப்பு சிரித்தான். "நான் வேதக்காரன், கண்ணை மூடுறன் அக்கா. போர்மன் சாப்பிட்டு வரமுந்தி இறங்கிடுங்கோ. முருகனுக்கு ஹெல்மெட் எங்கை எண்டு கேப்பான்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பாயில் ஏறினாள். தும்பு உள்ளங்காலைக் கீறியது. உச்சியில் கற்பூரம் நிற்காமல் அணைந்தது. குலசேகரம் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தான். கண் கேற்றிலேயே இருந்தது. கம்பித் தூணில் தேங்காய் உடைந்தது. போர்மன் வருமுன் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

பின்னேரம் வீட்டில் போன் அடித்தது. அம்பலவாணன்தான்.

"அக்கா, பனி கொட்டத் தொடங்கீட்டுது. விடிய எல்லைக்கு நடக்கிறம்."

குலசேகரம் இருந்த இடத்தில் இருக்கமாட்டாமல் எழுந்தான். தவமலர் கீறல் விழுந்த பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்தாள்.

"காலிலை என்னடா போட்டிருக்கிறாய்?"

"பாட்டாச் செருப்புத்தான்."

"ஹோட்டலெண்டால் திரைச்சீலை இருக்கும். கிழிச்சுக் காலிலை சுத்து. இப்பவே சுத்து, நான் போனை வைக்க மாட்டன்."

மறுமுனையில் துணி கிழிபடும் சத்தம் கேட்டது.